கரிலெட் பாதை: எரிமலை நிலத்தில் ஒரு ரயில் தடம் சைக்கிள் வழியான நிகழ்வு குறித்து பினாங்கிலிருந்து ஓர் ஆய்வு

பினாங்குத் தீவில் சைக்கிள் ஓட்டுவோரின் ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் வரை மலையைச் சுற்றிப் போகும் சாலையும், ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறும் சாலையும் ஓட்டுவதற்கு இனியவைதாம். ஆனால் எட்டு மணி தாண்டினால் லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் வரத் தொடங்கிவிடும். வளைவுகளில் ஒதுங்கி நிற்கச் சாலையோரம் என்று எதுவும் கிடையாது. எங்கள் குழுவில் அறுபதைக் கடந்தவர்கள் பலர். வீட்டில் உள்ளவர்கள் வாசல்வரை வந்து "பார்த்துப் போங்க" என்று சொல்லும்போது அதில் இருக்கும் அச்சத்தை நாங்கள் எல்லாரும் அறிவோம்.

மோட்டார் வாகனமே வராத, நீளமான, மேடு பள்ளம் அதிகமில்லாத, பல ஊர்களை இணைக்கும் ஒரு வழி எப்படி உருவாகிறது? அதைத் தார் போடாமல் சரளையாகவே வைத்திருப்பதால் கிடைக்கும் நன்மை என்ன? சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் குழுவினர் சிலர் ஸ்பெயினின் கத்தலோனியாவில், ஓலோட் நகரிலிருந்து ஜிரோனா நகர்வரை, பழைய ரயில் தடத்தில் அமைந்த கரிலெட் பாதையில் ஓட்டிச் சென்றதற்கு இந்தக் கேள்விகளே காரணம். அங்கே பார்த்தவற்றையும், அந்தப் பாதையின் வரலாற்றையும், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவற்றையும் ஒரு நிகழ்வாக எடுத்து இங்கே ஆராய்ந்திருக்கிறேன். அழகான ஊரில் அழகான பாதை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அந்த அழகுக்கு அடியில் இருக்கும் நில உரிமை, சரிவு, வடிகால், குறுக்குச் சாலைகள் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இது சற்று நீளும்.

நிலம்

கரோச்சா, ஸ்பெயினின் வடகிழக்கே, பிரனீஸ் மலைத்தொடருக்குத் தெற்கில் உள்ள வட்டாரம். அதன் முதன்மை நகர் ஓலோட். இங்குள்ள எரிமலை மண்டல இயற்கைப் பூங்கா ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 40 அளவிலான எரிமலைக் கூம்புகளும், 20-க்கு மேற்பட்ட எரிமலைக்குழம்பு ஓட்டங்களும் அதற்குள் அடங்கும். இவற்றில் இளையதான குரோஸ்காட் கடைசியாக வெடித்தது ஏறத்தாழ 11,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன்பு. புகையோ வெந்நீரோ கந்தக நாற்றமோ எங்கும் இல்லை. கூம்புகளின்மேல் காடு வளர்ந்து மூடியிருக்கிறது. ஓலோட் நகருக்குள்ளேயே வீடுகளுக்கு நடுவில் மொன்ட்சாகோபா என்ற எரிமலை நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிறு தேவாலயமும் உண்டு. விவரம் சொல்லாமல் அழைத்துப் போனால் அதை ஒரு பச்சைக் குன்று என்றே யாரும் எண்ணுவார்கள்.

நாம் வாழும் பினாங்குத் தீவு கருங்கல்லால் ஆனது. இங்கே எரிமலை இல்லை. எரிமலையின் தடயத்தைப் பார்க்கவேண்டுமென்றால் மேல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து விழுந்த சாம்பல் அங்கே படிவுகளாகக் கிடைத்திருக்கிறது. தோபாவின் வெடிப்போடு ஒப்பிட்டால் கரோச்சாவில் நடந்தவை மிகச் சிறியவை. குழம்பில் கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து, துண்டு துண்டாகக் கற்களை மேலே எறியும். அவை வாய்க்கு அருகிலேயே விழுந்து குவிந்து கூம்பாகும். இப்படி விழுந்த சிறு கற்கள், உள்ளே காற்றறைகள் நிறைந்து, கையில் எடுத்தால் எதிர்பார்த்த எடை இல்லாமல் இருக்கும். எரிமலைச் சரளை என்று நான் இங்கே சொல்வது இவற்றைத்தான்.

சைக்கிள் வழியைப் பொறுத்தவரை கூம்புகளைவிடக் குழம்பு ஓட்டங்கள் செய்த வேலையே பெரிது. குழம்பு பள்ளத்தாக்கில் இறங்கி ஃபுளுவியா ஆற்றை மறித்தது. மறிக்கப்பட்ட நீர் ஏரியாகத் தேங்கியது. ஏரியின் அடியில் வண்டல் படிந்து படிந்து, கடைசியில் ஏரி தூர்ந்து, மலைகளுக்கு நடுவில் மேசைபோன்ற ஒரு சமவெளி எஞ்சியது. ஓலோட்டுக்குத் தெற்கில் உள்ள வால் தென் பாஸ் சமவெளி அப்படி வந்ததுதான். இன்று அங்கே மக்காச்சோளம் விளைகிறது. மலைநாட்டில் இத்தனை கிலோமீட்டர் தட்டையான நிலம் கிடைப்பது அரிது. ரயில் போட வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சைக்கிளில் போகும்போது கால்களே சொல்லிவிடுகின்றன.

ரயில்

ஓலோட்டில் நெசவாலைகளும் பட்டறைகளும் இருந்தன. துறைமுகத்துக்கும் பெருநகரத்துக்கும் இணைப்பு இல்லை. 750 மில்லிமீட்டர் அகலமே உள்ள குறுகிய தண்டவாளத்தில் ஜிரோனாவை எட்டும் திட்டம் தீட்டப்பட்டது. முதலீடு லண்டனிலிருந்து வந்தது. 1895-இல் முதல் பகுதி திறக்கப்பட்டது. ஓலோட் வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1911-இல்தான். இடையில் இருந்த 16 ஆண்டுகளைப் பார்த்தாலே பணத்துக்கும் நிலத்துக்கும் நடந்த இழுபறி புரியும். சரக்கும் பயணிகளுமாக ஓடிய இந்தச் சிறு ரயிலை உள்ளூர் மக்கள் 'கரிலெட்' என்று செல்லமாக அழைத்தார்கள். சாலைப் போக்குவரத்தோடு போட்டியிட முடியாமல் 1969-இல் அது நின்றது. அதே ஆண்டில், ஜிரோனாவிலிருந்து கடற்கரை ஊரான சான்ட் ஃபெலியு தெ கீஷோல்ஸ் வரை 1892 முதல் ஓடிய மற்றொரு சிறு ரயிலும் நிறுத்தப்பட்டது.

நம் ஊரில் உள்ளவர்கள் கூர்ந்து கவனிக்கவேண்டிய கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. தண்டவாளம் அகற்றப்பட்டது, ஆனால் தடத்தின் நிலம், நகர்ப்புறங்களைத் தவிர்த்துப் பெரும்பகுதி, துண்டு துண்டாக விற்கப்படாமல் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது பயனற்றுக் கிடந்தது. முள்ளும் செடியும் மண்டியது. 1993-இல் கைவிடப்பட்ட ரயில் தடங்களை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிடும் 'பசுமை வழிகள்' என்ற திட்டம் ஸ்பெயின் முழுவதற்குமாகத் தொடங்கியது. அப்போது ஓலோட்–ஜிரோனா தடம் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததற்குக் காரணம், அந்த இருபது ஆண்டுகளில் அதை யாரும் கூறுபோடாமல் விட்டதே. இன்று ஸ்பெயினில் இத்தகைய வழிகளின் மொத்த நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஜிரோனா மாகாணத்தின் வழிகளைப் பராமரிக்க உள்ளாட்சிகள் இணைந்த ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. பாதையைச் செதுக்குவது, மழை அரித்த இடத்தில் மண் நிரப்புவது, வழிகாட்டிப் பலகை வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஊருக்கு ஒரு பொறுப்பாளர் என்று இருந்திருந்தால், ஊர் எல்லை வரும் இடமெல்லாம் பாதையின் தரம் மாறியிருக்கும்.

பாதையில் கண்டவை

பாதையின் நீளம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஓலோட் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 440 மீட்டர் உயரத்திலும், ஜிரோனா 70 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஓலோட்டில் தொடங்கினால் லெஸ் பிரேசஸ் ஊரையும் சமவெளியையும் கடந்து, தெற்கே உள்ள கணவாயில் 600 மீட்டருக்குச் சற்று மேலே ஏறவேண்டும். அதன் பின் ஜிரோனா வரை இறக்கமே. ஃபுளுவியா ஆற்றுப் படுகை முடிந்து டேர் ஆற்றுப் படுகை தொடங்குவது அந்தக் கணவாயில்தான். ரயிலின் சக்கரம் இரும்புமேல் வழுக்கும் என்பதால் ரயில் தடங்களில் செங்குத்தான ஏற்றம் வைக்க முடியாது. இங்கே சரிவு நூற்றுக்கு மூன்று என்ற அளவைத் தாண்டி எங்களுக்குத் தென்படவில்லை. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்கள் பேசிக்கொண்டே ஏறிப்போகக்கூடிய சரிவு அது. பழகாதவர்களும் முதியவர்களும் ஓலோட்டில் தொடங்குவதே நல்லது. எதிர்த்திசையில் வருபவர்களுக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொடர்ந்து ஏற்றம் இருக்கும். அது மெல்லிய ஏற்றம் என்றாலும் ஓய்வு கொடுக்காத ஏற்றம்.

பாதையின் மேற்பரப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எரிமலை நாட்டில் பாதையும் கறுப்பு எரிமலைச் சரளையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். ஜிரோனா வட்டாரத்துப் பசுமை வழிகளில் பரப்பப்படுவதோ 'சாவுலோ' எனப்படும் சிதைந்த கருங்கல் மணல். கருங்கல் காலப்போக்கில் உதிர்ந்து கரடுமுரடான, வெளிர்மஞ்சள் மணலாகிறது. அதில் கலந்திருக்கும் களிமண் ஈரத்தில் இறுகி மணலைப் பிடித்துக்கொள்கிறது. உருளை ஏற்றி அழுத்தினால் தார் இல்லாமலேயே கெட்டியான தளம் கிடைக்கிறது. பினாங்கு மலையில் சாலை வெட்டிய சரிவுகளில் நாம் தினமும் பார்க்கும் மண்ணும் கருங்கல் சிதைந்து வந்ததுதான். அங்கே மூலப்பொருள் அருகிலேயே கிடைத்தது, அதைப் பயன்படுத்தினார்கள். எரிமலைச் சரளை நீரை உடனே வடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதன் துண்டுகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் உருளும்; சக்கரம் புதையும். வடிகாலுக்கு நல்லது வேறு, ஓட்டுவதற்கு நல்லது வேறு என்பதை அந்தப் பாதையைப் போட்டவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

ஓலோட்டில் மழை பெய்யாவிட்டால் வேறெங்கும் பெய்யாது என்று கத்தலானிய மொழியில் ஒரு பேச்சு உண்டு. நாங்கள் கிளம்பிய நாளுக்கு முந்தைய இரவும் நல்ல மழை. காலையில் பாதையில் குட்டைகள் அதிகமில்லை. ரயில் தடத்தைச் சுற்றியுள்ள நிலத்தைவிடச் சற்று உயர்த்திப் போட்ட பழைய கரையும், இருபுறமும் வெட்டிய ஓடைகளும் இன்றும் வேலை செய்கின்றன. நூறாண்டுக்கு முன்பு ரயிலுக்காகச் செய்த வடிகால்தான் இன்றைய சரளைத் தளத்தைக் காக்கிறது. புதிதாகக் காட்டில் வெட்டிய பாதைக்கு இந்த வசதி கிடைக்காது. மழை பெய்தால் பாதையே ஓடையாகிவிடும்.

எங்களுடைய சைக்கிள்கள் வாடகைக்கு எடுத்தவை. டயரின் அகலம் 40 மில்லிமீட்டர், சரளைக்குப் பொருத்தமானது. ஆனால் கடையில் தார்ச்சாலைக்கு அடிப்பதுபோல் 60 பி.எஸ்.ஐ. (டயரின் காற்றழுத்த அளவு) காற்று அடித்துக் கொடுத்திருந்தார்கள். குழுவின் மூத்தவர் நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். பிறகு துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லெஸ் பிரேசஸ் தாண்டியதுமே அவர் சைக்கிளை நிறுத்தி, முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இது கல்லு மாதிரி இருக்கு. காத்த எறக்கு."

"எவ்வளவு எறக்கட்டும் அண்ணே? பஞ்சர் ஆயிடாதா?"

"பாதி எறக்கு. இது நம்ம எஸ்டேட் ரோடுதான். செம்மண் ரோட்டுல டயரு கொஞ்சம் பரவி உக்காரணும், அப்பத்தான் புடிக்கும். முன் பிரேக்க மட்டும் தொடாத."

இளையவர்களில் ஒருவர், காற்று இறங்கினால் வேகம் குறையும் என்று எண்ணி, அப்படியே ஓட்டினார். லெஸ் பிளானஸ் ஊரை நெருங்கும் இடத்தில் பாதை ஒரு சாலையைக் கடக்கிறது. கடப்பதற்கு முன் பாதை சற்றே சரிந்து இறங்குகிறது. சரிவின் அடியில், கார்கள் உள்ளே வராதபடி நட்டிருக்கும் மரத்தூணுக்கு முன்னால், மழை அடித்துக்கொண்டு வந்த தளர்ந்த மணல் கையளவு கனத்தில் சேர்ந்து கிடந்தது. குறுக்கே கார் வருவதைக் கண்டு அவர் முன் பிரேக்கை அழுத்த, முன்சக்கரம் மணலில் பக்கவாட்டில் சறுக்கிற்று. உள்ளங்கையும் முழங்கையும் சிராய்த்ததோடு போயிற்று. காரை ஓட்டி வந்தவர் ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தார். புண்ணைக் கழுவித் துணி கட்டிய பிறகு எல்லா டயர்களின் காற்றையும் 35 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினோம். ஜிரோனா வரை ஒரு பஞ்சரும் இல்லை. கைகளுக்கு வந்துகொண்டிருந்த அதிர்வும் குறைந்தது.

இந்தச் சிறு விபத்தை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனமில்லாத பாதையில் ஆபத்து மறைந்துவிடுவதில்லை. பாதை சாலையைச் சந்திக்கும் ஒருசில புள்ளிகளில் அது வந்து குவிகிறது. வெகுதூரம் கவலையின்றி ஓட்டியவர் கவனம் தளர்ந்த நிலையில் அந்தப் புள்ளிக்கு வருகிறார். அதே இடத்தில்தான் சரிவும், தூணும், தளர்ந்த மணலும், காரும் சேர்கின்றன. ஆகவே ஒரு பசுமை வழியின் தரத்தை மதிப்பிட அதன் நீளத்தையும் காட்சிகளையும் பார்த்தால் போதாது. அதன் குறுக்குச் சாலைகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் நின்று, எட்டு வயதுப் பிள்ளை இங்கே எப்படி நிற்கும் என்று பார்க்கவேண்டும். கரிலெட் பாதையில் பெரும்பாலான குறுக்குப் புள்ளிகள் நன்றாகவே இருந்தன: முன்கூட்டியே பலகை, வேகத்தைக் குறைக்க வைக்கும் வளைவு, இருபுறமும் பார்வை. மணல் சேர்ந்த அந்த இடத்தில் கடைசி ஐந்து மீட்டருக்கு மட்டும் கற்காரை (கான்கிரீட்) போட்டிருந்தால் சறுக்கல் நேர்ந்திருக்காது என்பது என் கணிப்பு.

சான்ட் ஃபெலியு தெ பலெரோல்ஸ் ஊரிலிருந்து அமேர் வரை புருஜென்ட் ஓடையை ஒட்டி, காட்டின் நிழலில் பாதை இறங்குகிறது. இதைவிட நல்ல பகுதி வழியில் இல்லை. சி-63 நெடுஞ்சாலை சில இடங்களில் கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. ஆனால் மரங்களும் பழைய ரயில்கரையின் மேடும் ஓசையைத் தடுத்துவிடுகின்றன. பழைய நிலையங்கள் தகவல் நிலையமாகவும் உணவகமாகவும் மாறியிருக்கின்றன. சராசரியாக ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வருகிறது. ரயில் நிலையங்களுக்கிடையே இருந்த அந்த இடைவெளி, பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அங்ளெஸ் தொடங்கி ஜிரோனா வரை நிலம் விரிகிறது. டேர் ஆற்றங்கரையில் பழைய ஆலைகள், பிறகு சால்ட் ஊரின் காய்கறித் தோட்டங்கள். நகரை நெருங்க நெருங்கப் பாதை உள்ளூர்த் தெருக்களோடு கலக்கிறது. ரயில் நிலத்தை நகரம் விழுங்கிய இடங்கள் அவை.

கூம்புகளுக்கு அருகில்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும்: கரிலெட் பாதையில் போனால் பெயர்பெற்ற எரிமலைகள் தாமாக வந்து காட்சி தருவதில்லை. குரோஸ்காட், சாண்டா மார்கரிடா, ஃபஜேடா தென் ஜோர்தா ஆகிய மூன்றும் ஓலோட்டுக்குக் கிழக்கே, சாண்டா பாவ் ஊருக்குப் போகும் வழியில் இருக்கின்றன. அங்கே போக ஒரு தனி நாள் வேண்டும். சைக்கிளை விட்டுவிட்டு நடக்கவும் வேண்டும். ஃபஜேடா என்பது குரோஸ்காட்டின் குழம்பு ஓட்டம் உறைந்த பாறைமேல் வளர்ந்த பீச் மரக்காடு. தரை முழுவதும் மேடும் குழியுமாக இருக்கிறது. மழை அதிகமுள்ள இடம் என்றாலும் காட்டுக்குள் ஓர் ஓடையும் இல்லை. விழும் நீரை எல்லாம் பாறையின் வெடிப்புகளும் துளைகளும் குடித்துவிடுகின்றன. சாண்டா மார்கரிடாவின் வாய் அகன்ற புல்வெளியாக இருக்கிறது. அதன் நடுவில் ஒரு சிறு வழிபாட்டிடம்.

குரோஸ்காட்டின் கதை இந்த ஆய்வுக்கு நேராகத் தொடர்புடையது. அதன் சரிவில் பல ஆண்டுகள் எரிமலைச் சரளையை வெட்டி எடுத்து விற்றார்கள். மலையைக் கத்தியால் அரிந்ததுபோல் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்துக்கும் 500 மீட்டர் நீளத்துக்கும் ஒரு வெட்டுமுகம் உண்டாயிற்று. மக்கள் எதிர்த்தார்கள். 1982-இல் கத்தலானிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இந்த எரிமலை மண்டலத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் குரோஸ்காட்டில் வெட்டுவது 1990-களின் தொடக்கத்தில்தான் முற்றிலும் நின்றது. பிறகு வெட்டுமுகத்தை மண்ணிட்டு மூடாமல், உறுதிப்படுத்தி, மக்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி விட்டார்கள். கறுப்பும் செம்பழுப்புமாக அடுக்கு அடுக்காக விழுந்த சரளையைப் பார்க்கும்போது ஒரு வெடிப்பு எத்தனை முறை ஓய்ந்து மீண்டிருக்கிறது என்பது கண்முன் தெரிகிறது. கைவிட்ட கல்லுடைப்பையும் கைவிட்ட ரயிலையும் ஒரே தலைமுறை, ஒரே வட்டாரத்தில், பொதுச் சொத்தாக மாற்றியிருக்கிறது. எரிமலை மண்டலத்தைக் காக்கப் போராடிப் பழகிய ஊரில் ரயில் தடத்தைக் காப்பது அவ்வளவு கடினமாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

கூம்புகளின் சரிவில் சைக்கிளை ஏற்றக்கூடாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சரளை பிடிப்பற்றது, ஒரு சக்கரத் தடம் அடுத்த மழையில் அரிப்பாகி விரியும். சரளைச் சைக்கிள் என்றதும் எங்கும் ஏறலாம் என்ற எண்ணம் நம் இளைஞர்களிடம் வளர்ந்துவருகிறது. குறியிட்ட வழியைவிட்டு விலகாதிருப்பதுதான் அந்த நிலத்துக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை.

நம் பக்கம்

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885-ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது மலாயாவின் முதல் ரயில். நீளம் 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. லாருட் வட்டாரத்தின் வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோகப் போட்ட தடம் அது. கரிலெட்டைவிடப் பத்தாண்டு மூத்தது. மலாயாவின் ரயில் தடங்களைப் போடுவதிலும் பராமரிப்பதிலும் தமிழர்களின் உழைப்பு எவ்வளவு என்பது நம் குடும்பங்களில் பலருக்குக் கேள்வி ஞானமாகவே தெரியும். இன்று கோல சபெத்தாங் என்று அழைக்கப்படும் அந்த ஊரில் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறோம். பலகையைத் தாண்டிப் போக வழி இல்லை. 13 கிலோமீட்டர், தட்டையான நிலம், ஒரு முனையில் தைப்பிங் ஏரிப் பூங்கா, மறுமுனையில் மாத்தாங் கண்டற்காடு: இதைவிடப் பொருத்தமான சைக்கிள் வழியை வடக்கில் என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. தண்டவாளம் போனபோது தடமும் போயிற்று.

மாறாக நடந்ததற்கும் அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30 இரவு சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசிய ரயில்வேயின் கடைசி ரயில் கிளம்பியது. மறுநாள் சிங்கப்பூருக்குக் கைமாறிய அந்த நிலத்தில், உட்லண்ட்ஸ் வரையிலான 24 கிலோமீட்டரும் இன்று நடக்கவும் ஓட்டவும் உரிய பசுமைத் தடமாக உருவாகிவருகிறது. நிலத்தின் விலை வானைத் தொடும் ஊரில் அதை விற்காமல் வைத்திருக்க முடிந்திருக்கிறது.

பினாங்கில் நமக்குக் கைவிட்ட ரயில் தடம் இல்லை. செபராங் பிறையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகள். ஓட்டுவதற்குச் சிறந்தவை, ஆனால் தனியார் நிலம். இன்று திறந்திருக்கும் கதவு நாளை பூட்டப்படலாம், தோட்டமே வீடமைப்புத் திட்டமாகலாம். மற்றொன்று, மூடா ஆற்றின் தெற்கே பெனாகா வட்டார வயல்களுக்கு நடுவில் போகும் வாய்க்கால் கரைச் சாலைகள். இவை பொது நிலம், தட்டையானவை, வடிகாலோடு சேர்ந்தே அமைந்தவை. கரிலெட்டின் ரயில்கரைக்கு இருந்த குணங்களில் முக்கியமானவை இவற்றுக்கு உண்டு. அறுவடைக் காலத்தில் இயந்திரங்களும், ஆண்டு முழுவதும் விவசாயிகளின் மோட்டார் சைக்கிள்களும் வரும் என்பதால் முற்றிலும் வாகனமற்ற வழி என்று இவற்றைச் சொல்ல முடியாது. விவசாயியின் வழியை மறித்து நமக்கு வழி கேட்பது நியாயமும் இல்லை. லாரியையும் காரையும் மட்டும் தடுத்தாலே பெரும் வேறுபாடு உண்டாகும். 2021 முதல், தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெரி படகில் கார்கள் ஏறுவதில்லை. சைக்கிளோடு ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே போவது ஜோர்ஜ்டவுன்காரர்களுக்கு எளிது. ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து வயல்வெளி தொடங்கும் வரை உள்ள நகர்ச்சாலை இப்போதைக்கு இந்தத் திட்டத்தின் பலவீனமான கண்ணி.

நாடு திரும்பிய பின், மூத்தவர் முன்னின்று, அந்த வாய்க்கால் கரைகளில் ஒரு தொடரைக் குழுவினர் ஓட்டிப் பார்த்துக் குறுக்குச் சாலைகளை வரைபடத்தில் குறித்துவருகிறோம். சில இடங்களில் கரை சாலையோடு முட்டி, அடுத்த கரைக்குப் போகச் சாலையிலேயே சிறிது தூரம் ஓட்டவேண்டியிருக்கிறது. அங்கே குழந்தைகளை அழைத்துப்போக முடியாது. பொறுப்புள்ள அலுவலகத்துக்கு எழுதிவரும் கடிதத்தில் தார் போடும்படி நாங்கள் கேட்கவில்லை. கரையின் மேற்பரப்பைச் சிதைந்த கருங்கல் மண்ணால் அழுத்திச் சீராக்குவதும், ஒவ்வொரு குறுக்குச் சாலைக்கும் முன்னால் சில மீட்டர் கற்காரை போட்டு, மோட்டார் சைக்கிள் நுழையவும் கார் நுழையாதிருக்கவும் ஏற்ற இடைவெளியில் தூண்கள் நடுவதும்தான் கோரிக்கை. வரைபடம் முடிந்ததும் கடிதத்தோடு இணைத்து அனுப்புவோம்.